முழுக்கைச் சேர்ட்டும் பல்லுள்ள சப்பாத்தும்

வெக்கையான மலைநாட்டில் நடப்பவருக்குக் கைகால் மூடும் மெல்லிய உடையும், அடியில் பல்லுள்ள இலேசான சப்பாத்தும் தேவையா, அரைக்களுசானும் பாட்டாவுமே போதுமா என்பதுதான் மன்றத்துக்கு வந்திருக்கும் வழக்கு. தேவைதான், தெரிந்து உடுப்பதே நல்ல வழக்கம் என்பது இந்த அணியின் கட்சி.

ஊவா மலைநாட்டு லுணுகலையின் அமைப்பே இந்தக் கட்சிக்கு முதல் சாட்சி. பதுளையிலிருந்து பசறை வழியாக வரும் ஏ5 வீதி லுணுகலையைத் தாண்டிப் பிபிலைக்கு இறங்கும்போது வெல்லஸ்ஸவின் வெக்கை முகத்தில் அடிக்கும். மடுல்சீமைப் பக்கம் ஏறினால் மூடுபனி. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய 6 பாகை செல்சியஸ் குறையும் என்பது பொதுக் கணக்கு. பதுளை நகரம் சுமார் 680 மீட்டரில் இருக்கிறது; நமுனுகுல உச்சி 2,036 மீட்டர். கீழே வியர்த்துக் கொட்டியவர் மேலே 8 பாகை குறைந்த காற்றில் நிற்கிறார், அதுவும் நனைந்த உடுப்போடு. நீர் உடற்சூட்டைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகக் கடத்தும். தடித்த டெனிம் களுசான் ஒருமுறை நனைந்தால் அன்று பொழுதுக்கும் காயாது. தோட்டத்து இளைஞர் பந்து விளையாடப் போடும் பொலியெஸ்டர் ஜேர்சியோ அரைமணி நேரக் காற்றில் காய்ந்துவிடும். ஊவா மலையில் வெக்கையை மட்டும் எண்ணி உடுப்பவர் பாதிக் கணக்கோடுதான் புறப்படுகிறார்.

வெக்கையில் எதற்கு உடம்பை மூடுவது என்று எதிரணி கேட்கிறது. இதற்குப் பதில் கொழுந்து மலையில் இருக்கிறது. ஊவாவில் வெயிலில் அதிக நேரம் நிற்பவர் கொழுந்து பறிக்கும் பெண். அவர் உடுத்தியிருப்பதைத் தலையிலிருந்து பார்த்து வரலாம். நெற்றியையும் பிடரியையும் மறைக்கும் துணி. அதன்மேல், கூடைக் கயிறு அழுந்தும் இடத்தில் இன்னொரு மடிப்பு. சேலைக்கோ பாவாடைக்கோ மேலே ஆண்களின் பழைய முழுக்கைச் சேர்ட், மணிக்கட்டில் பொத்தான் போட்டபடி. இடுப்பில் படங்கு. விடியற்காலையில் தேயிலைச் செடி பனியில் ஊறி நிற்கும். கவ்வாத்து வெட்டிய கிளை முனை தொடையைக் கீறும். படங்கு இரண்டையும் தடுக்கிறது. மழைக்கு ஒருகாலத்தில் கம்பளியும் சாக்குக் கொங்காணியும், இப்போது பொலித்தீன். அலங்காரத்துக்கென்று இதில் ஒன்றுமில்லை. நாள் முழுக்க அதே சரிவில் நின்றவர்கள் வேண்டாததைக் கழித்து வேண்டியதை வைத்துக்கொண்ட உடுப்பு இது. அரைக்கைச் சட்டை வசதி என்றால் அதை முதலில் கண்டுபிடித்தவர் அவராகத்தான் இருந்திருப்பார்.

அறிவியலும் அவர் பக்கமே நிற்கிறது. புறஊதாக் கதிரின் வலு ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. மலைக்காற்று குளிர்ச்சியாக வீசுவதால் தோல் வேகுவது அந்த நேரத்தில் தெரியாது. இரவில் படுக்கும்போதுதான் எரியும். மெல்லிய வெள்ளை டீசேர்ட் வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டால் கதிரை மறிக்கும் திறனில் பெரும்பகுதியை இழந்துவிடும். நெருக்கமாய் நெய்த, தளர்வான முழுக்கைச் சேர்ட் கதிரையும் மறிக்கும், உள்ளே காற்றையும் ஓடவிடும்.

குளவியைப் பற்றி எதிரணி வாயே திறக்கவில்லை. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட செய்தி மலையகத்திலிருந்து ஓயாமல் வருகிறது, உயிரிழந்தவர்களும் உண்டு. கருநிறமும் வாசனைப் பூச்சும் கூட்டைக் காக்கும் குளவியையும் மலைத்தேனீயையும் இன்னும் மூர்க்கமாக்கும். வெளிர் நிற உடையும், முகத்தின்மேல் இழுத்துவிட ஒரு தலைத்துணியும் அந்த நேரத்துக்குக் கைகொடுக்கும். நிறத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று: இராணுவப் புள்ளியிட்ட உடுப்பு மலையேறும் இளைஞருக்குப் பிடித்தமானதாக இருக்கலாம், ஆனால் இலங்கையில் பொதுமக்கள் அதை அணிவது சட்டவிரோதம்.

அரைக்களுசானை வழக்கிலிருந்தே தள்ளுபடி செய்யப் போதுமான சாட்சி அட்டை. ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சியை அடக்க 1818இல் மலைகளில் நடந்த படையில், சென்னைச் சிப்பாய்களும் சுமை தூக்கிகளும் அட்டைக்கடியால் அவதிப்பட்டுப் பலர் மாண்டார்கள் என்று, மார்ஷல், டேவி என்ற இரு படை மருத்துவர்களைச் சாட்சி காட்டி, ஆங்கிலேயர் காலத்தில் இங்கே குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதியிருக்கிறார். கடி மட்டும் ஆளைக் கொன்றிருக்காது. சொறிந்த புண் அழுகியதே கொன்றிருக்க வேண்டும். கோப்பித் தோட்டத் துரைமார் நெருக்கமாய் நெய்த துணியால் காலுக்கு உறை கட்டிக்கொண்டதையும், ஊரார் எண்ணெயும் புகையிலைச் சாம்பலும் எலுமிச்சைச் சாறும் பூசியதையும் அவரே குறிக்கிறார். துரைமாரை மெச்சுவது இந்த அணியின் நோக்கமல்ல. ஆனால் அந்த உறையில் தவறு காண முடியாது. பசித்த அட்டை நூலளவு மெலிந்து சாதாரண மேஸின் பின்னல் கண்ணிலும் சப்பாத்தின் கயிற்றுத் துளையிலும் நுழைந்துவிடும். நெருக்க நெசவில் நுழையாது. மேஸுக்கு மேலும் சப்பாத்துக்கு உள்ளுமாக அந்தத் துணி உறையைப் போட்டு, முழங்காலுக்குக் கீழே நாடாவால் கட்டினால் அட்டை வெளிப்புறமாகவே ஏறும், கண்ணிலும் படும். வெளிர் துணியானால் இன்னும் நல்லது. சவர்க்காரமும் உப்பும் தேசிக்காயும் பயன்படத்தான் செய்யும், முதல் ஓடையில் கால் வைக்கும்வரை.

எதிரணியின் பலமான வாதம் காலடியில் இருக்கிறது. தோட்டத்து மக்கள் வெறுங்காலோடும் பாட்டாவோடும் அதே மலையில் ஏறி இறங்குகிறார்களே, அவர்களுக்கு இல்லாத சப்பாத்து வேடிக்கை பார்க்க வருபவருக்கு எதற்கு என்கிறது அது. கேட்க நியாயம்போல் இருக்கும். ஆனால் வெறுங்கால் வாங்கிய விலையை இலங்கைத் தோட்டங்களின் சரித்திரம் எழுதி வைத்திருக்கிறது. ராக்பெல்லர் அறக்கட்டளை 1916இல் இங்கே கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது தோட்டத் தொழிலாளரிடையே அந்த நோய் அவ்வளவு பரவியிருந்ததால்தான். ஈர மண்ணில் கிடக்கும் புழுக்குஞ்சு பாதத்தின் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். ஆள் சோகை பிடித்து வெளிறிப்போவார். வெறுங்கால் அவர்கள் விரும்பித் தெரிந்தெடுத்ததுமல்ல. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்ததே 2021இல்தான். சப்பாத்து வாங்க வழியில்லாததை மலையேறும் கலை என்று பாராட்டுவது அந்த மக்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

சிவனொளிபாதமலையை எதிரணி எடுத்துக்காட்டலாம். அங்கே வெறுங்காலோடு ஏறுவோர் உண்டுதான். அது நேர்த்தி. மார்கழிப் போயாவிலிருந்து வெசாக்வரை உள்ள பருவத்தில், கட்டிய படிகளில், விளக்கு வெளிச்சத்தில், வழி நெடுகத் தேநீர்க் கடைகளோடு நடக்கும் யாத்திரையை ஊவாவின் நாரங்கலை மலையின் ஒற்றையடிப் பாதையோடு ஒப்பிட முடியாது. 1,527 மீட்டர் உயரமுள்ள நாரங்கலையில் மானாப்புல் காய்ந்து சாய்ந்திருக்கும் காலத்தில், மழையே இல்லாமல் கால் வழுக்கும். ஏறும்போது பாட்டா சமாளிக்கும். இறங்கும்போதுதான் குதி ஒருபக்கமும் செருப்பு ஒருபக்கமுமாகப் போகும்.

இதனால் இந்த அணி விலையுயர்ந்த பூட்ஸுக்கு வக்காலத்து வாங்குகிறது என்று எண்ணிவிடக் கூடாது. பனிமலைக்குச் செய்த கனத்த தோல் பூட்ஸ் ஊவாவில் சுமைதான். காலில் ஏறும் ஒரு கிலோ முதுகில் ஏறும் நாலைந்து கிலோவின் களைப்பைத் தரும். நீர் புகாத சவ்வு வைத்த சப்பாத்து உள்ளே இருக்கும் நீராவியை வெளியே தள்ளுவதற்கு, உள்ளுக்கும் வெளிக்கும் ஈரப்பதத்தில் வித்தியாசம் வேண்டும். வெளியே காற்றே ஈரமாய் நிற்கும் மாரியில் அது எங்கே போகும்? வியர்வை உள்ளேயே தங்கி மேஸ் ஊறித் தோல் கொப்பளிக்கும். மேல் விளிம்பால் ஒருமுறை தண்ணீர் புகுந்தால் வெளியேற வழியுமில்லை. வலைத்துணி மேற்புறமும் ஆழப் பல் வெட்டிய றப்பர் அடியும் கொண்ட இலேசான சப்பாத்து நனையும்தான். ஆனால் நடக்கும்போதே வடிந்து காயும். அளவை மாலையில் பார்த்து வாங்குவது நல்லது, வெக்கையில் நடந்த பாதம் வீங்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் விடாதவருக்கு இறக்கத்தில் நகம் கறுத்துப்போகும். மாற்று மேஸ் ஒரு சோடி பையில் கட்டாயம். பள்ளிக்கூடத்து வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தின் வழவழப்பான அடி பாசிபிடித்த கல்லுக்கு ஆகாது.

பருவம் பார்த்து இரண்டொன்று மாற வேண்டும். ஐப்பசியிலிருந்து தைவரை ஊவாவில் மழை. அப்போது குடையைவிடத் தலைவழியே போடும் மழைக்கோட்டு நல்லது, பாறையில் இரண்டு கையும் வேண்டியிருக்கும். ஆனி முதல் ஆவணிவரை கச்சான் வீசும். தேயிலைக்கு மணம் தரும் அதே வறண்ட காற்று நாடா இல்லாத தொப்பியைப் பள்ளத்தாக்குக்கு அனுப்பிவிடும்.

கொழுந்து பறிக்கும் பெண்ணின் உடுப்பு தலையிலிருந்து முழங்கால்வரை மலைக்கு ஏற்றது. அதற்குக் கீழே குறை, அது அவர் குறையல்ல. மன்றம் இந்த அணிக்குத் தீர்ப்பளிக்குமானால் அந்தத் தீர்ப்பு மலை பார்க்க வருபவரோடு நின்றுவிடக் கூடாது. கொழுந்து மலைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு சோடி பல்லுள்ள சப்பாத்தைத் தோட்ட நிர்வாகம் கொடுக்க வேண்டும் என்பதையும் அதில் சேர்த்து எழுதும்படி இந்த அணி கேட்டுக்கொள்கிறது.