பட்டாவில் நம்ம பேரு எங்கே இருக்கு?

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில், நிலத் தகவல் பயிற்சியில் இருக்கும் பிள்ளைகள் பேசியது)



நாங்கள் நாலு பேரும் உங்க குழு வீட்டுப் பிள்ளைகள்தான். படிப்பை முடித்துவிட்டு ஆறு மாதமாக நம்ம கூட்டமைப்பு அலுவலகத்தில் நிலத் தகவல் வேலையில் பயிற்சி எடுத்து வருகிறோம். இதை 'இன்டர்ன்ஷிப்' என்று சொல்வாங்க. ஆசாரி பட்டறையில பையன் கூடவே இருந்து பழகுற மாதிரி, செய்து செய்து பழகுவது. "கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து அப்படி என்னதான் தட்டுறீங்க?" என்று போன மாதக் கூட்டத்தில் கேட்டீங்க. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்கு நேரம் வாங்கியிருக்கோம். பதிலோடு ஒரு கோரிக்கையும் இருக்கு, அதைக் கடைசியில் சொல்கிறோம்.

எங்க வேலை கம்ப்யூட்டரில் ஆரம்பிக்கிறது இல்லை. உங்க வீட்டுத் திண்ணையில ஆரம்பிக்குது. ஒரு நோட்டுப் புத்தகம், அதில் கட்டங்கள். ஊர் பேர், பட்டா எண், புல எண், உட்பிரிவு, பரப்பு. பட்டாவில் இருப்பவர் யார், உயிரோடு இருக்காரா, இப்போ உழுது பயிர் வைப்பது யார், நிலம் எப்படி வந்தது, பாட்டன் சொத்தா, கிரயமா, அரசு கொடுத்ததா. இவ்வளவையும் எழுதி வந்து எக்செல் பக்கத்தில் ஏற்றுகிறோம். பிறகு அரசின் இணைய சேவையில் அதே புல எண்ணைப் போட்டு, அங்கே என்ன இருக்கு என்று ஒப்பிட்டுப் பார்க்கிறோம். பட்டாவைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம், இது நம்மில் பலருக்குத் தெரியாது.

ஒப்பிடும்போதுதான் வேலையே. அங்கே இராஜம்மாள், ரேஷன் கார்டில் ராசம்மா, பத்திரத்தில் ராஜாம்பாள் என்று இருக்கும். மூன்றும் ஒரே அம்மாதான். கம்ப்யூட்டருக்கு அது தெரியாது, மூன்று ஆளாக எண்ணும். வீட்டுக்கு வந்து கேட்டால்தான் ஒன்றாக்க முடியும். இன்னொன்று பாருங்க. பட்டாவில் ஆண், பெண் என்று தனிக் கட்டம் கிடையாது. அப்புறம் பெண்களை எப்படி எண்ணுவது? பேருக்கு முன்னாடி வருகிற உறவுச் சொல்லைப் பார்க்கணும். 'மகன்' என்றால் ஆண். 'மகள்', 'மனைவி' என்றால் பெண். அந்தச் சொற்களைத் தேடித்தான் உங்களைக் கண்டுபிடிக்கிறோம். பழைய பதிவுகளில் இதைவிட வேடிக்கை, ஒரு ஆண் பேரைப் போட்டு 'வகையறா' என்று முடித்திருப்பாங்க. அந்த வகையறாவுக்குள்ளே எத்தனை அக்கா தங்கச்சிகள் உட்கார்ந்திருக்காங்களோ!

அளவு விஷயத்தையும் சொல்லிடுறோம். ஒரு அம்மா பட்டா நகலைப் பார்த்துப் பதறிப்போய், "ரெண்டு ஏக்கர் எங்கடி போச்சு, 0.81ன்னு போட்டிருக்கானே" என்று வந்தாங்க. ஒன்றும் போகவில்லை. பட்டாவில் ஏக்கர், சென்ட் கிடையாது, ஹெக்டேர், ஏர் கணக்குத்தான். ஒரு ஏக்கர் என்பது சுமார் 40.5 ஏர். அப்படின்னா 0.81.0 என்பது கிட்டத்தட்ட ரெண்டு ஏக்கர். இந்தக் கணக்கைக் குழு அறையில் சுவரிலேயே எழுதி வைக்கலாம்.

இதெல்லாம் எதுக்கு என்று கேட்பீங்க. 2015-16 விவசாயக் கணக்கெடுப்பில், நாடு முழுவதும் சாகுபடி செய்யும் நூறு கைப்பற்றுகளில் சுமார் 14 தான் பெண்கள் பொறுப்பில் இருப்பதாக வந்திருக்கு. களை எடுப்பது யாரு, நாத்து நடுவது யாரு, உங்களுக்கே தெரியும். ஆனாலும் காகிதத்தில் நாம் விவசாயி இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடன் கேட்டால் அடங்கல் எங்கே என்பாங்க. 2019-இல் தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தில் வருஷத்துக்கு 6,000 ரூபாய் வருதே, அதுவும் நிலப் பதிவில் பேர் உள்ள குடும்பத்துக்குத்தான். பேர் இல்லாதவங்க வெயிலில் நின்றும் பட்டியலுக்கு வெளியேதான்.

எங்க நோட்டில் அடிக்கடி வருவது ஒரே கதை. அம்மா உழுகிறாங்க. பட்டா இறந்துபோன வீட்டுக்காரர் பேரில் இருக்கும். பல இடத்தில் அவர் பேரில்கூட இல்லை, அவருக்கும் முன்னால் இறந்த மாமனார் பேரில் இருக்கும். 1980-களில் யு.டி.ஆர். என்று பதிவுகளைப் புதுப்பித்தபோது யார் பேர் ஏறியதோ, அதுவே நிற்குது. அப்போது தப்பாக ஏறிய பேர்களும் உண்டு. வீட்டுக்காரர் பேரில் இருந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வைத்து இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு மனுப் போடலாம். மாமனார் பேரில் இருந்தால் அவருடைய எல்லா வாரிசும் வரணும். மகள்களும் சேர்த்து.

இங்கேதான் மனசைத் திறந்து பேசணும். 1989-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் திருத்தி, அந்த வருஷம் மார்ச் 25 அன்று கல்யாணம் ஆகாதிருந்த பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தாங்க. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதும், கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும் மகளுக்கு மகனைப் போலவே பிறப்புரிமை. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியாச்சு. (இது இந்துக் குடும்பங்களுக்கான சட்டம். கிறிஸ்தவ, முஸ்லிம் சகோதரிகளுக்குச் சட்டம் வேறு, அதைத் தனியாக ஒரு நாள் பேசலாம்.) பிறந்த வீட்டில் நம்ம பங்கு என்று கேட்கும்போது நமக்கு இனிக்குது. புகுந்த வீட்டில் நாத்தனார் வந்து அதே பங்கைக் கேட்டால் கசக்குது. நோட்டோடு வீடு வீடாகப் போனபோது, "அவ பேரை எழுதாதே" என்று சொன்னவங்களும் உண்டு. நாங்கள் எழுதத்தான் செய்தோம். உரிமை யாருக்கு என்று தீர்ப்புச் சொல்வது எங்க வேலை இல்லை. இருப்பதை இருக்கிறபடி எழுதுவதுதான் வேலை. நாத்தனாரும் ஏதோ ஒரு ஊரில் ஒரு குழுவில் உறுப்பினர்தானே? 'விடுதலைப் பத்திரம்' என்று ஒரு காகிதம் நீட்டி, "சும்மா ஒரு கையெழுத்து" என்று கேட்டால், அது சும்மா இல்லை, பங்கை விட்டுக்கொடுத்தேன் என்று எழுதிக் கொடுப்பது. விட்டுக்கொடுப்பது உங்க விருப்பம். படித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்க.

எழுதி வைப்பதால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம மண்ணிலேயே ஒரு பழைய சாட்சி இருக்கு. செங்கல்பட்டில் கலெக்டர் பொறுப்பில் இருந்த திரெமென்ஹீர் என்ற வெள்ளைக்கார அதிகாரி, ஒடுக்கப்பட்ட மக்கள் நிலமில்லாமல் படும் பாட்டை விவரமாக எழுதி மேலே அனுப்பினார். அதன் பின்னால்தான் 1892-இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவு வந்தது. பஞ்சமி நிலம் என்கிறோமே, அதுதான். வேறு சமூகத்தாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம். ஒரு அறிக்கை நிலமாக மாறியது. ஆனால் பிறகு பதிவேட்டைக் கவனிக்க ஆள் இல்லாத ஊர்களில் அதே நிலம் பேர் மாறிப் போச்சு. அதை மீட்கக் கேட்டு இன்றைக்கும் போராட்டம் நடக்குது. எழுதுவது பாதி வேலைதான், எழுதியதைக் காப்பது மீதிப் பாதி.

அந்த மீதிப் பாதிக்கு ஆங்கிலத்தில் பெரிய பேர் வைத்திருக்காங்க. 'நாலெட்ஜ் மேனேஜ்மென்ட்', அறிவு மேலாண்மையாம். எங்களுக்குப் புரிந்தபடி சொன்னால், ஒருத்தர் தலைக்குள் இருப்பது அவரோடு போய்விடாமல் பார்த்துக்கொள்வது. வயசான அம்மாக்களிடம் "142-இல் 3 எங்கே?" என்று கேட்டால் விழிப்பாங்க. "கிணத்துமேட்டு வயல் எது?" என்றால் நேரே கூட்டிப்போய் நிறுத்திடுவாங்க. எந்த வரப்பை எந்த வருஷம் வெட்டினாங்க, எந்தக் கல்லைப் பிடுங்கி நட்டாங்க என்பது வரைக்கும் வரும். வரைபடத்தில் அது இல்லை. அதனால் நோட்டில் ஒரு கட்டம் கூட்டிக்கொண்டோம், ஊர்வழக்குப் பேர். புல எண்ணுக்குப் பக்கத்தில் 'கிணத்துமேட்டு வயல்' என்று எழுதுகிறோம். சொன்னவர் பேர், சொன்ன தேதி இரண்டும் சேர்த்து. எங்களுக்குப் பிறகு வருகிற பிள்ளை பார்த்தாலும் புரியணும் இல்லையா?

இப்போது விஷயத்துக்கு வருகிறோம். இந்த விவரங்கள் சேரச் சேர, அதன் விலையும் ஏறுது. நிலத் தரகு பார்க்கும் ஒருத்தர் எங்களில் ஒரு பெண்ணிடம், "விதவைங்க பேரில் இருக்கிற நிலம் எதுன்னு ஒரு லிஸ்ட் கொடும்மா, சும்மா இல்லை, செலவுக்குத் தர்றேன்" என்று கேட்டிருக்கார். அவள் கொடுக்கவில்லை. அன்று சாயங்காலமே அலுவலகத்தில் சொல்லிவிட்டாள். ஆனால் யோசிச்சுப் பாருங்க. எந்த அம்மா தனியாக இருக்காங்க, யார் பட்டா இன்னும் மாறவில்லை, எந்த வீட்டில் அண்ணன் தம்பிக்குள் தகராறு என்று எல்லாம் ஒரே நோட்டில் இருக்கு. உங்களைக் காப்பாற்ற எழுதியது, தப்பான கையில் போனால் உங்களை வளைக்கிற கயிறாகிடும். நாலு பிள்ளைங்களோட நல்ல மனசை மட்டும் நம்பி அதை விட்டுவைக்கக் கூடாது. பயிற்சி முடிந்து நாங்கள் வேறு ஊருக்கு வேலைக்குப் போவோம், கல்யாணமாகிப் போவோம். நோட்டு இங்கேதான் இருக்கும்.

அதனால்தான் கோரிக்கை. நோட்டும் கம்ப்யூட்டர் பதிவும் யாருக்குச் சொந்தம் என்று இந்தப் பொதுக்குழு முடிவு செய்யணும். எங்களுக்குத் தோன்றுவது இதுதான். சொந்தக்காரர் அந்தந்த அம்மாதான். அவங்க பக்கத்தின் நகல் ஒன்று அவங்க கையில் இருக்கணும். பீரோச் சாவி இரண்டு பேரிடம், வேறு வேறு ஊர்க்காரங்களிடம் இருக்கணும். அம்மா கையெழுத்து இல்லாமல் பேரோடு எந்த விவரமும் வெளியே போகக் கூடாது, அதிகாரி கேட்டாலும் சரி, ஆய்வுக்கு வந்தவங்க கேட்டாலும் சரி. பேர் இல்லாத மொத்தக் கணக்கு வேண்டுமானால் கொடுக்கலாம். ஆதார் எண்ணை நோட்டில் எழுதவே வேண்டாம். இதில் மாற்றம் இருந்தால் எழுந்து சொல்லுங்க, எழுதிக்கொள்கிறோம்.

இன்னும் ஒன்று. பசலி ஆண்டு ஜூன் 30-இல் முடியும். அதற்கு முன்னால் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஜமாபந்தி வரும், பட்டா மனுக்களை அங்கே நேரடியாகக் கொடுக்கலாம். பேர் திருத்தம், வாரிசு மாறுதல் உள்ளவங்க அதற்குள் தயாராகணும். செவ்வாயும் வெள்ளியும் நாங்கள் அலுவலகத்தில் இருப்போம். பட்டா நகல், பத்திரம் இருந்தால் எடுத்து வாங்க. ஒன்றுமே இல்லாதவங்க பழைய தீர்வை ரசீது, மாமியார் பெட்டியில் மடிச்சு வெச்ச காகிதம் எதுவானாலும் எடுத்து வாங்க. படிக்க முடியாது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுடாதீங்க, பிரிச்சுப் பார்க்கலாம்.

தீர்மானத்தைச் செயலாளர் அக்கா இப்போது வாசிப்பாங்க.