தகட்டில் ஓர் எழுத்து



வண்டி நம்முடையது, அதை ஓட்ட அரசாங்கத்தின் அனுமதி எதற்கு என்று கேட்போர் எந்நாட்டிலும் உளர். அக்கேள்விக்கு நீதிமன்றம் என்றோ விடையளித்துவிட்டது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பதிவில்லாத மோட்டார் வண்டியை ஓட்டியதற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவர், அவ்விதியே செல்லாதென வாதாடினார். 1915இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் வாதத்தைத் தள்ளியது. பொதுவீதியில் செல்வோரைக் காக்கும்பொருட்டுப் பதிவும் சாரதி அனுமதிப்பத்திரமும் கேட்க அரசுக்கு அதிகாரம் உண்டு. இதனை நாமும் மறுக்கவில்லை.

ஆனால், அதிகாரம் உண்டு என்பதனால் அது எல்லையற்றதாகிவிடுமா? ஒருபோதும் ஆகாது!

ஜோர்ஜியா மாநிலத்தில் துவிச்சக்கர வண்டியில் வந்த சிறுமி ஒருத்தி, போதகர் ஒருவரின் வண்டியில் மோதினாள். போதகரிடம் காப்புறுதி இல்லை. பிழை யாருடையது என்று விசாரியாமலே, பிணைப்பணம் கட்டாவிடில் அவரது அனுமதிப்பத்திரத்தை நிறுத்தச் சட்டம் இடமளித்தது. மூன்று கிராமங்களில் தொண்டாற்றிய அவருக்கு வண்டியின்றி வாழ்வில்லை. பிழைப்புக்கு இன்றியமையாததாகிவிட்ட அனுமதிப்பத்திரத்தை, தக்க விசாரணையின்றிப் பறித்தலாகாது என்று 1971இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நியூ ஹாம்சயர் மாநிலத்திலோ, இலக்கத் தகடுகளில் "சுதந்திரமாய் வாழ், அன்றேல் மடி" என்ற வாசகம் பொறிக்கப்பட்டிருந்தது. மேனார்ட் என்பவர் தம் சமய நம்பிக்கைக்கு அது மாறானதென்று அவ்வாசகத்தை மறைத்தார். தண்டம் கட்ட மறுத்துப் பதினைந்து நாள் சிறையிருந்தார். 1977இல் வென்றார். வண்டியை அடையாளங்காண வாசகம் தேவையில்லை. தன் கொள்கையைப் பிரசையின் வண்டியில் சுமத்த அரசுக்கு உரிமையில்லை என்பதே தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பைப் படிக்கும் தமிழனுக்கு 1957 நினைவுக்கு வராதா? அதுவரை ஆங்கில எழுத்தைத் தாங்கிய தகட்டில் சிங்கள "ஸ்ரீ" புகுத்தப்பட்டது. தமிழர் அவ்விடத்தில் தமிழ் எழுத்தை எழுதினர். 1958இல் அரசாங்க பஸ் வண்டிகள் சிங்கள "ஸ்ரீ"யுடன் வடக்கே வந்தபோது தார் பூசினர். தெற்கிலே தமிழ் எழுத்துகள்மீது தார் பூசப்பட்டது. ஏப்ரலில் பண்டா - செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் இரத்தம் ஓடியது. வண்டியை அடையாளங்காண அந்த ஓரெழுத்து தேவைதானா?

இன்று அந்த எழுத்து புதிய தகடுகளில் இல்லை. ஆயினும் அதிகாரம் எல்லை மீறுவது ஓய்ந்துவிட்டதென்று எண்ணற்க. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் 80ஆம் உறுப்புரையின்படி, நிறைவேறிய சட்டத்தின் செல்லுபடியை நீதிமன்றம் ஆராய இயலாது. ஆனால் அச்சட்டத்தின் பெயரால் உத்தியோகத்தர் செய்யும் செயலை ஆராயலாம். 12ஆம் உறுப்புரை சமத்துவத்தை உறுதிசெய்து, இனத்தாலும் மொழியாலும் வேறுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. அவ்வுரிமை மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின்கீழ் நேரே உயர் நீதிமன்றம் செல்லலாம். தவணை ஒரு மாதமே!

ஆறின கஞ்சி பழங்கஞ்சி அல்லவா? உழவு இயந்திரத்தின் பதிவையோ மகனின் அனுமதிப்பத்திரத்தையோ காரணமின்றி மறுத்தால், வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள். மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள், தமிழில் கேளுங்கள். 1987முதல் தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழி. நாளைக் குறித்துக்கொண்டு, அவ்வாரமே சட்டத்தரணியை நாடுங்கள். சட்டம் கற்றோரே, ஏழை உழவனின் இவ்வழக்கைச் சிறிதென்று தள்ளாதீர்கள்.

அனுமதிப்பத்திரமின்றி வண்டி ஓட்டுவது வீரமன்று. விதிக்கு அமைந்து நடந்து, விதியை மீறும் அதிகாரத்தை மன்றிலே நிறுத்துவதே வீரம். அதற்கு நாம் அணியமாவோமாக!