டாக்டர் பட்டத்துக்கு அப்புறமும் ஆராய்ச்சியா?

எதிரணி அம்மா கேட்டாங்க: "தமிழ்ல டாக்டர் பட்டம் வாங்கின பையன் இன்னும் உதவித்தொகைக்கு மனுப் போட்டுக்கிட்டு இருக்கான். பேசாம பனியன் கம்பெனிக்கு அனுப்பக் கூடாதா?" திருப்பூரில் இது நியாயமான கேள்விதான்.

ஆனா பாருங்க, தோட்டத்தில் பாடுபட்டவர்கள் இந்த ஊரில் பனியன் முதலாளி ஆன கதையை ஷரத் சாரி என்ற ஆய்வாளர் வந்து விசாரித்தார். 2004-ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் அதைப் புத்தகமாகப் போட்டது. நம்ம ஊர்க் கதை, ஆங்கிலத்தில்! தமிழில் எழுத நம்ம பிள்ளைக்குச் சோறு போட வேண்டாமா?

வழி இருக்குங்க. 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழு டாக்டர் ராதாகிருஷ்ணன் பெயரில் 900 இடங்களை அறிவித்தது. மாதம் 50,000 ரூபாய். மொழிப் பாடமும் அதில் உண்டு.

நம்மவர்கள் சறுக்குவது மனுவில். தமிழின் பெருமையை நாலு பக்கம் எழுதுவார்கள். வெளிநாட்டுப் பையருக்குச் சாம்பிள் அனுப்பும்போது பருத்தியின் பெருமையா பேசுறீங்க? என்ன ஜி.எஸ்.எம்., என்ன சாயம், எந்தத் தேதியில் கப்பல் ஏறும், அதைத்தானே சொல்றீங்க! மனுவும் அப்படித்தான். என்ன கேள்வி, ஆதாரம் எந்த நூலகத்தில், எத்தனை மாதத்தில் முடியும்?

அம்மா, பையன் மனுப் போடட்டும். பதில் வர்ற வரைக்கும் வேணும்னா கம்பெனியில் கணக்கு எழுதட்டும்!