மீண்டும் எடுப்போம் குழலை



பாடசாலையில் மேலைத்தேய சங்கீதம் பயின்றோர் பலரின் வீடுகளில் ரெக்கோடர் என்னும் குழல் பெட்டிக்குள் உறங்குகிறது. பரீட்சை முடிந்ததும் அதை மூடி வைத்தோம். இன்று எடுக்க ஆசை உண்டு, கூச்சம் தடுக்கிறது. சுவரோடு சுவர் ஒட்டிய லயத்தில் ஒரு வீட்டுக் கீச்சொலி எல்லா வீட்டுக்கும் கேட்குமே!

அக்குழலின் வரலாறே ஒரு மீட்சிக் கதை. பதினெட்டாம் நூற்றாண்டில் பாக் போன்ற மேதைகள் அதற்கு இசை அமைத்தனர். பின்னர் அது அரங்கினின்றும் மறைந்தது. நூறாண்டுக்கு மேல் மறந்திருந்த அதனை, 1919இல் இங்கிலாந்தில் ஆர்னல்ட் டொல்மெச் தம் பட்டறையில் செய்து மீண்டும் ஒலிக்க வைத்தார்.

அந்நியக் குழல் நமக்கேன் என்பாரும் உளர். ஆர்மோனியமும் ஐரோப்பாவில் பிறந்ததே. இன்று அது நம் பஜனையில் அமரவில்லையா? சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் மூங்கிலோடு சந்தனம், கருங்காலி, வெண்கலம் முதலியவற்றாலும் குழல் செய்யலாம் என்கிறார். பொருள் எதுவாயினும் ஒலிப்பது மனிதரின் மூச்சே.

வளர்ந்தபின் மாணவராவது இழிவா? ஹரிபிரசாத் சௌராசியா 1938இல் அலகாபாத்தில் மல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். 1957இல் கட்டக் வானொலி நிலையத்தில் பணியேற்றார். குழலே தொழிலாகிவிட்ட பின்னரும், அன்னபூர்ணா தேவியாரிடம் சென்று மாணவராக அமர்ந்தார். புதிதாகவே கற்கத் துணிந்ததைக் காட்ட, வலப்பக்கம் பிடித்த குழலை இடப்பக்கம் மாற்றிப் பிடித்து, அடிப்படையிலிருந்து தொடங்கினார். அவருக்கு 2000ஆம் ஆண்டில் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. அவ்வளவு பெரியவருக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு?

தோழர்களே, ரெக்கோடரை மீண்டும் எடுப்போர் வேகமாக ஊத வேண்டாம். பலமாக ஊதினால் சுருதி ஏறும், கீச்சிடும். முன்புறத் துளைகள் ஏழையும் பின்புறத் துளையையும் விரல் நுனியால் அல்ல, விரலின் மெத்தென்ற சதையால் முழுதும் மூடுக. ஒரு சுரத்தை நீட்டி, மென்மையாக ஊதிப் பழகுக. நாள்தோறும் பத்து நிமிடம் போதும். விரல்கள் பழைய பாடத்தை மெல்ல நினைவு கூரும்.

பெரியோர்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று வேண்டுகிறோம். வாரத்தில் ஒரு மாலை எங்களுக்கு ஒரு மண்டபத்தைத் திறந்து தாருங்கள். தொடக்கத்தில் பிசிறு ஒலித்தால் நகைக்காதீர்கள். அடுத்த ஆண்டு விழாவில் எங்கள் குழல்கள் பஜனைக்குத் துணை நிற்கட்டும்.