கலயத்தில் விழும் மருந்து



மங்கில் இறங்கும் பால் உறையாமல் இருக்க அமோனியா விடுகிறோம். அதே பால் கட்டியாக வேண்டுமானால் பார்மிக் அமிலம் விடுகிறோம். பால் ஒன்றுதான், விடுகிற மருந்து அதன் போக்கை மாற்றிவிடுகிறது. குடிக்கிற பொருள்களிலும் இதே கதைதான்.

மெர்போக் ஆறு கடலோடு கலக்கும் தஞ்சோங் டாவாய் போன்ற கரையோர ஊர்களில் தென்னைக்குப் பஞ்சமில்லை. பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் சொட்டுவது இனிப்பு நீர். காற்றிலும் பழைய கலயத்திலும் இருக்கும் நொதிக் கிருமிகள் சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடும். ஓரிரு நாள் விட்டால் புளித்துக் காடியாகும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினாலோ, நுரைப்பது அடங்கி, இனிப்பு நிற்கும். தமிழ்நாட்டுப் பனங்காட்டில் அதுதான் பதநீர். இலங்கையில் கள் சீக்கிரம் புளிக்காதிருக்க ஹல் மரப்பட்டையைப் போடுவார்கள்.

வெள்ளைக்காரர் பீரில் போடுவது ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ. கொதிக்கும்போது போட்டால் கசப்பு இறங்கும். புளிக்கவைக்கும் கிருமிகளையும் அது தடுக்கும். 1800-களில் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறிய பீர்ப் பீப்பாய்களில், நுரைத்து முடிந்த பின்னும் உலர்ந்த பூவைப் போட்டார்கள். சட்டம் அனுமதிக்கிற நாடுகளில், வீட்டில் சிறு அளவாகப் பீர் காய்ச்சுகிறவர்கள் இன்றும் அப்படிச் செய்கிறார்கள். 20 லிட்டருக்கு 50 கிராம் போட்டு, மூன்று நான்கு நாள் ஊறவிட்டு எடுத்துவிடுவார்கள். கொதி இல்லாததால் கசப்பு அதிகம் ஏறாது, வாசனைதான் ஏறும். ரசத்தை இறக்கிவைத்துக் கொத்தமல்லித் தழையைக் கிள்ளிப் போடுகிறோமே, அந்தக் கைப்பக்குவம்தான் இது. ஆனால் பூவோடு வரும் சில பொருள்கள் மிச்சமிருக்கும் மாவுச்சத்தை மறுபடி சர்க்கரையாக்கி நுரைக்க வைக்கும். அவசரப்பட்டுப் போத்தலில் அடைத்தால் போத்தல் வெடிக்கும். நம் நாட்டில் உரிமமில்லாமல் மது தயாரிப்பதே குற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

சுண்ணாம்பும் பட்டையும் பூவும் ஆளைக் கொன்றதில்லை. கள்ளினால் குடும்பங்கள் கெட்டதுண்டு. அதனால்தான் 1947-இல் பீடோங் வட்டாரத் தோட்டங்களில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து எழுந்தது. ஆனால் ஒரே இரவில் கொல்வது வேறு மருந்து. மலிவுச் சம்சுவிலும் போலிப் போத்தல்களிலும் கலக்கப்படும் மெதனால் அது. சாயத்துக்கும் தின்னருக்கும் பயன்படும் தொழிற்சாலைச் சரக்கு. 2018 செப்டம்பரில் சிலாங்கூர் வட்டாரத்தில் 30-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 2024 ஜூனில் தமிழ்நாட்டுக் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இதற்குப் பலியானார்கள்.

நாக்குக்கு அது தெரியாது. தீக்குச்சி கிழித்துப் பார்ப்பதும் வீண். உடம்புக்குள் போன மெதனால் எதுவாக மாறுகிறது தெரியுமா? பாலை உறையவைக்கிறோமே, அதே பார்மிக் அமிலமாகத்தான்! அது முதலில் கண் நரம்பைத் தாக்கும்.

குடித்தவுடன் ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் 12 மணி முதல் 24 மணி நேரம் கழித்தே வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு வரும். கண்முன் பனி மூடியதுபோல் இருக்கும். 'போதை தெளியவில்லை, தூங்கட்டும்' என்று படுக்கவைத்துவிடாதீர்கள். மோர், எலுமிச்சைச் சாறு என்று பொழுதைப் போக்க வேண்டாம். நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மாற்று மருந்து உண்டு, நேரத்தோடு கொடுத்தால் கண்ணும் உயிரும் தப்பும். கூடக் குடித்தவர்களையும், நன்றாக இருந்தாலும், அழைத்துக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் போத்தலைக் கொட்டாமல் டாக்டரிடம் கொடுங்கள்.