டெய்லரை மாற்றினோம்!

(தலைப்பு: முதுமையில் கூன் விழக் காரணம் வயதா? கவனக்குறைவா?
'கவனக்குறைவே' என்ற அணியில் பேசியது.)



எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "வயசானா முடி நரைக்கும், பல்லு விழும், முதுகு கூனும். இதுக்கு ஒரு பட்டிமன்றமா?"ன்னார். ஐயா, வயசுதான் காரணம்னா எழுபதைத் தாண்டிய எல்லாருமே கூனியிருக்கணுமே! நம்ம நடுவரைப் பாருங்க! (சிரிப்பு. நடுவர் நிமிர்ந்து உட்காருகிறார். கைதட்டல்.)

எங்க அம்மா கதையைச் சொல்றேன். ஒருநாள் தண்ணீர் வாளியைத் தூக்கினாங்க. முதுகில் சுருக்குன்னுச்சு. "வாயுப் பிடிப்பு"ன்னு தைலம் தேய்ச்சோம். ஒரு மாதத்தில் வலி அடங்கியது. அப்புறம் மேல்தட்டு அஞ்சறைப்பெட்டி கைக்கு எட்டலை. கீழ்த்தட்டில் வைத்தோம். "ஜாக்கெட் முதுகில் இறுக்குது, முன்னால தொளதொளங்குது"ன்னாங்க. பிள்ளைகள் நாங்க சும்மா இருப்போமா? உடனே டெய்லரை மாத்தினோம்! (பலத்த சிரிப்பு)

இரண்டு வருஷம் கழித்து எக்ஸ்ரே எடுத்தால், மூன்று முள்ளெலும்புகள் நசுங்கியிருந்தன. "இவ்வளவு நாள் என்ன செஞ்சீங்க?"ன்னு டாக்டர் கேட்டார். முனைவர் பட்டம் வாங்கிய எனக்குப் பதில் தெரியலை.

கரையான் அரித்த உத்தரம் வெளியில் நல்லாத்தான் தெரியும். எலும்புத் தேய்மானமும் அப்படித்தான். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைய, எலும்பு வேகமாகக் கரைகிறது. நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டால் ஆண்களுக்கும் இதே கதிதான். முள்ளெலும்பின் முன்பக்கம் நசுங்கும், பின்பக்கம் அப்படியே நிற்கும். செங்கல் ஆப்பாகிவிட்டால் தூண் எப்படி நேராக நிற்கும்? முன்னால் சாயும். அதுதாங்க கூன்! அதோடு போச்சா? நெஞ்சு சுருங்கி மூச்சு வாங்கும். வயிறு ஒடுங்கி நாலு வாய்க்குமேல் சோறு இறங்காது.

இந்த முறிவுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு யார் கண்ணுக்கும் படாமலே போகிறது. சிகிச்சை இல்லாவிட்டால், ஒரு முறிவு கண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஒரே வருடத்தில் அடுத்த முறிவு. இதை வயசு செய்யுதா, நம்ம அலட்சியம் செய்யுதா?

கூன் பாண்டியனுக்குச் சம்பந்தர் பாடினார். கூன் நிமிர்ந்து நின்றசீர் நெடுமாறன் ஆனான் என்கிறது புராணம். எங்க அம்மாவுக்கு யார் பாடுவது? நசுங்கிய எலும்பு தானாக நிமிராது. ஆனால் அடுத்த எலும்பைக் காப்பாற்றலாம். டெக்ஸா ஸ்கேன் இருக்கு. அதை வைத்து நோயைக் கணிக்க உலக சுகாதார நிறுவனம் 1994-லேயே அளவு வகுத்துக் கொடுத்திருக்கு. மாத்திரை இருக்கு, ஊசி இருக்கு. கேழ்வரகு, காலை வெயில், நடை இருக்கு. இல்லாதது நம்ம கவனம்தான்! (கைதட்டல்)

தாய்மார்களே, இந்த நிகழ்ச்சி முடிந்ததும் பாட்டியைச் சுவரோரம் நிறுத்துங்க. குதிகாலும் முதுகும் சுவரில் படட்டும். பின்தலை சுவரைத் தொடுதா? தொடலைன்னாலோ, இளமையில் இருந்த உயரம் 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தாலோ டாக்டரைப் பாருங்க. டெய்லரைப் பார்க்காதீங்க! (சிரிப்பு)

நம்மைத் தூக்கிச் சுமந்த முதுகு அது. அது வளைந்ததற்கு வயதின் மேல் பழி போடாமல், கவனக்குறைவே காரணம் என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)