வெள்ளிக்கிழமை பிற்பகல் கூட்டம்

(ஜனவரி 26 அன்று நம் குடியிருப்பின் கொடியேற்று விழாவில், சி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஆற்றிய உரை. சற்றே சுருக்கப்பட்டுள்ளது.)

டிபன் ஆறிக்கொண்டிருக்கிறது என்று செயலாளர் சாடை காட்டிவிட்டார். சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

நம் மொட்டைமாடியில் நின்றால் பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்பு தெரியும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட பல குடும்பங்கள் அங்கேதான் வந்தன. பலர் படிப்பாண்டின் நடுவிலேயே வந்தார்கள். பிள்ளைகளின் பழைய பள்ளியும் பெரியவர்களின் பழைய வேலையும் நகரத்துக்குள் நின்றுவிட்டன. அந்த வீடுகளிலிருந்துதான் நம்மிடம் வேலைக்கு வருகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில்தான் என் கடைசி சில வருடங்கள் கழிந்தன.

"கூட்டம்னு கூப்பிட்டா யாருமே வர்றதில்லை. பிள்ளைங்க மேல அக்கறையே இல்லை." ஆசிரியர் அறையில் இதைச் சொல்லாத நாள் கிடையாது. நானும்தான் சொன்னேன். ஆனால் ஒரு தாயை நாங்கள் எப்போது கூப்பிட்டோம்? பையன் யாரையாவது அடித்தால், பத்து நாள் வராவிட்டால், மதிப்பெண் குறைந்தால். வந்தவரை வராந்தாவில் நிற்க வைத்தே பேசி அனுப்புவோம். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து திட்டு வாங்க யாருக்கு மனம் வரும்? ஓர் அம்மா என்னிடம் நேராகவே சொன்னார்: "ஸ்கூல்லருந்து போன் வந்தாலே வயித்தக் கலக்குது டீச்சர்."

அதன் பிறகு இரண்டு மாற்றம் செய்தோம். முதல் புகாருக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நல்ல செய்தி போக வேண்டும். "உங்க பொண்ணு இன்னைக்கு நல்லா வாசிச்சா", அவ்வளவுதான், இரண்டு நிமிடம். ஆசிரியர்கள் முணுமுணுத்தார்கள், நியாயம்தான், ஒரு வகுப்பில் நாற்பது பேர். இரண்டாவது, பள்ளியில் நடத்திய கூட்டத்தை அவர்கள் பிளாக்கின் தரைத்தளத்துக்கே கொண்டுபோனோம். ஞாயிறு மாலை, பாய் விரித்து. எல்லாருக்கும் வாசிக்கத் தெரியாது என்பதால் சுற்றறிக்கைக்குப் பதிலாக வாட்ஸப்பில் பேசி அனுப்பினோம்.

முதல் தடவை வந்தது பதினோரு பேர். நாங்கள் வாசிப்புத் திறனைப் பற்றிப் பேசத் தயாராகப் போயிருந்தோம். அவர்கள் கேட்டதோ கழிப்பறைத் தாழ்ப்பாளைப் பற்றி. "பொம்பளப் புள்ளைங்க சாயங்காலம் வரைக்கும் தண்ணி குடிக்காம இருக்குதுங்க." எனக்கு அது தெரியவே தெரியாது. எனக்குத் தனிக் கழிப்பறை இருந்ததே! வெல்டிங் வேலை செய்யும் ஓர் அப்பா அந்த வாரமே வந்து சரிசெய்து கொடுத்தார். வருகைப் பதிவேட்டில் அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை. ஆனால் அடுத்த கூட்டத்துக்குப் பாய் போதவில்லை.

இதற்குச் சட்டமும் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவதும், வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் இவர்கள் பொறுப்பு. சும்மா கையெழுத்துப் போடும் குழு அல்ல.

எங்கள் பள்ளியில் அந்தக் கூட்டம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடக்கும். குழுத் தலைவர் வீட்டு வேலை செய்யும் ஒரு தாய். நன்றாகப் பேசுவார். தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வரவில்லை. விசாரித்தேன். "லீவு கேட்டா வேற ஆள் வெச்சிடுவாங்க டீச்சர்" என்றார். எந்த அபார்ட்மென்ட் என்று நான் கேட்கவில்லை. இங்கே குடிவந்த பிறகு, கேட்காததே நல்லதென்று தோன்றுகிறது.

நம் சங்கம் ஜூன் மாதம் நோட்டு, பை கொடுக்கிறது. கொடுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். காமராஜர் காலத்தில், 1958-இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் தங்கள் பள்ளிக்கு எவ்வளவோ கொடுத்தார்கள். ஆனால் அங்கே கொடுத்தவரும் அந்த ஊர்க்காரர், படித்ததும் அவர் பிள்ளை. நாம் கொடுக்கும்போது பிள்ளையின் அம்மா ஓரமாக நின்று போட்டோ எடுப்பதைப் பார்க்கிறார்.

அதனால் நான் கேட்பது வேறு. அந்தக் கூட்ட நாளன்று பிற்பகல் வேலைக்கு விடுப்பு கொடுங்கள், சம்பளத்தில் பிடிக்காமல். தேதியை அவரிடமே முன்கூட்டிக் கேட்டுக் காலண்டரில் குறித்துவையுங்கள். மறுநாள் வந்ததும் "கூட்டத்துல என்ன பேசினீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உதவுகிறேன் என்று நீங்களே போய் அங்கே நாற்காலியில் உட்கார்ந்துவிடாதீர்கள். அப்படி இரண்டு பேர் வந்து உட்கார்ந்த ஒரு கூட்டத்தில் ஒரு தாயும் வாய் திறக்கவில்லை. பார்த்திருக்கிறேன்.

என் வீட்டுக்கு வரும் அம்மாவும் அந்தக் குழுவில் இருக்கிறார். பிப்ரவரிக் கூட்டத்தன்று சாயங்காலப் பாத்திரம் நான்தான் தேய்க்கிறேன். வாருங்கள், டிபன் சாப்பிடலாம்.